லேபிளில் 500 கிராம், தராசில் 498: கருதுகோள் சோதனை பிசகும் இடங்களும் சரிசெய்யும் வழியும்

பாக்கெட்டில் 'நிகர எடை 500 கிராம்' என்று அச்சிட்டிருக்கிறது. பத்துப் பாக்கெட்டைப் பிரித்து எடை போட்டால் சராசரி 498 வருகிறது. நிஜமாகவே குறைவா, பாக்கெட்டுக்குப் பாக்கெட் இருக்கும் இயல்பான ஏற்ற இறக்கமா? இதற்குப் பதில் சொல்லத்தான் கருதுகோள் சோதனை. சூத்திரம் நாலு வரிதான். தப்பு பெரும்பாலும் சூத்திரத்துக்கு முன்னாலோ பின்னாலோ நடக்கிறது. அதனால் கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் சொற்களை நேர் செய்துகொள்வோம். இன்மைக் கருதுகோள்: இந்த லாட்டின் (சேர்த்துச் சோதிக்கும் ஒரு தொகுதிப் பாக்கெட்டுகளின்) சராசரி நிகர எடை 500 கிராமோ அதற்கு மேலோ இருக்கிறது. மாற்றுக் கருதுகோள்: 500-க்குக் கீழே இருக்கிறது. சரியாக நிரப்பிய லாட்டைக் 'குறைவு' என்று சொல்லிவிட்டால் அது முதல் வகைப் பிழை. அடி வாங்குவது பேக் செய்தவர். குறைவான லாட்டைத் தேறவிட்டால் அது இரண்டாம் வகைப் பிழை, நட்டம் வாங்குபவருக்கு. முதல் வகைப் பிழைக்கு உச்சவரம்பு மிகைகாண் நிலை, அதாவது ஆல்ஃபா. அதை நாமே நிர்ணயிக்கிறோம். இரண்டாம் வகைப் பிழையின் வாய்ப்பான பீட்டாவை அப்படி நேரடியாக நிர்ணயிக்க முடியாது. மாதிரி எத்தனை, எடைகள் எவ்வளவு சிதறுகின்றன, பற்றாக்குறை எவ்வளவு என்ற மூன்றும் ஆல்ஃபாவோடு சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. ஆல்ஃபாவைச் சிறிதாக்கினால் பேக் செய்தவருக்குப் பாதுகாப்பு கூடும். அதே மாதிரியில் வாங்குபவருக்கான பாதுகாப்பு அந்த அளவுக்குக் குறையும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றை மறந்ததால் வருபவை.

அறிகுறி: எண்கள் அதே, முடிவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது

ஒரு ரவை லாட்டில் பத்துப் பாக்கெட்டின் நிகர எடை, கிராமில்: 497.2, 501.0, 495.8, 498.6, 499.4, 496.1, 500.3, 497.9, 494.7, 499.0. கூட்டினால் 4980.0, சராசரி 498.0. விலக்கங்களின் வர்க்கக் கூட்டல் 37.60. அதை 9-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம், அதாவது எடைகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு, 2.044. அதை 10-இன் வர்க்கமூலமான 3.162-ஆல் வகுத்தால் சராசரியின் திட்டப் பிழை 0.646. பற்றாக்குறை 2.0 கிராம், 2.0 ÷ 0.646 = 3.09. இதுதான் டி மதிப்பு. சராசரி 500-க்குக் கீழே இருப்பதால் குறி எதிர்மறை.

இப்போது டி அட்டவணை. கட்டின்மை எண் 9 (மாதிரி எண்ணிக்கையில் ஒன்று குறைவு), ஒரு பக்கச் சோதனை (குறைவை மட்டும் தேடுவது). 5 சதவீதத்துக்கு எல்லை 1.833, 1 சதவீதத்துக்கு 2.821, 0.5 சதவீதத்துக்கு 3.250. நம்முடைய 3.09 முதல் இரண்டையும் தாண்டுகிறது, மூன்றாவதைத் தாண்டவில்லை. பி-மதிப்பு (சராசரி சரியாக 500 என்றே இருந்தாலும் இவ்வளவு குறைந்த மாதிரி தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு) சுமார் 0.006. ஆக, ஆல்ஃபா 5% என்று வைத்தவர் 'குறைவு' என்கிறார், 0.5% என்று வைத்தவர் 'நிராகரிக்கச் சான்று போதவில்லை' என்கிறார். இரண்டு பேர் கணக்கும் சரி. அவர்கள் கேட்ட கேள்விகள்தான் வேறு.

0.5% என்பது யாரோ நினைத்துக்கொண்ட எண் அல்ல. சர்வதேச சட்டமுறை எடையளவு அமைப்பின் 2004-ஆம் ஆண்டு ஆர் 87 பரிந்துரையில் சராசரிக்கான சோதனை இந்த அளவில்தான் கட்டப்பட்டிருக்கிறது. அரசு ஒரு லாட்டை விற்பனையிலிருந்து நிறுத்துவது கடுமையான நடவடிக்கை, அதனால் பேக் செய்தவர் பக்கம் அவ்வளவு எச்சரிக்கை. உங்கள் ஆலையிலேயே தினசரித் தர சோதனைக்கு அவ்வளவு எச்சரிக்கை வேண்டாம். அங்கே 'குறைவு' என்று மணி அடித்தால் செய்ய வேண்டியது நிரப்பும் மெஷினை ஒரு முறை பார்ப்பதுதான். 5% தாராளமாகப் போதும்.

ஆல்ஃபா ஒன்றாக இருந்தும் முடிவு மாறினால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

எக்செலில் எந்தத் திட்ட விலக்கம் போட்டீர்கள்? எஸ்டிடெவ்.எஸ் என்பது ஒன்று குறைத்து, 9-ஆல் வகுக்கும். எஸ்டிடெவ்.பி என்பது 10-ஆல் வகுக்கும். மேலே உள்ள எண்களுக்கு எஸ்டிடெவ்.பி போட்டால் திட்ட விலக்கம் 1.939 ஆகிறது, டி மதிப்பு 3.26 ஆகிறது. 3.250-ஐத் தாண்டிவிட்டது! ஒரு எழுத்து மாறியதில் தேறிய லாட் தோற்றுவிட்டது. மாதிரிக்கு எப்போதும் 'எஸ்' தான்.

டி அட்டவணைக்குப் பதில் இயல்நிலை அட்டவணையைப் பார்த்தீர்களா? அதில் 0.5% எல்லை 2.576, நம் 3.09 எளிதாகத் தாண்டிவிடும். திட்ட விலக்கத்தையும் இதே பத்துப் பாக்கெட்டிலிருந்தே மதிப்பிட்டிருக்கிறோம், அந்த மதிப்பீட்டிலும் தடுமாற்றம் உண்டு. அதைச் சேர்த்துக்கொள்ளத்தான் டி பரவல் வந்தது. டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட், சிறிய மாதிரிகளோடு மல்லுக்கட்டி 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டது அது. பத்துப் பாக்கெட் என்றால் அது நமக்கும் வேண்டும்.

மூன்றாவது, ஒரு பக்கமா இரு பக்கமா என்பது. மென்பொருள் பலவும் தானாக இரு பக்கச் சோதனையைத்தான் தரும். இரு பக்கத்தில் 1% என்றால் எல்லை 3.250, ஒரு பக்கத்தில் 1% என்றால் 2.821. எடைக் குறைவைத் தேடுகிறவருக்கு ஒரு பக்கம் போதும். ஆனால் எண்களைப் பார்த்த பிறகு, முடிவு வரவில்லை என்பதற்காக இரு பக்கத்திலிருந்து ஒரு பக்கத்துக்குத் தாவக் கூடாது. அப்படித் தாவினால் நீங்கள் எழுதி வைத்த ஆல்ஃபா காகிதத்தில்தான் இருக்கும், உண்மையில் அது இரு மடங்கு.

இதைத் தவிர்க்க ஒரு சின்ன வேலை: பாக்கெட்டைப் பிரிக்கும் முன்பே சோதனைத் தாளின் தலையில் நாலு விஷயத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இன்மைக் கருதுகோள், எந்தப் பக்கம், ஆல்ஃபா, மாதிரி எண்ணிக்கை.

அறிகுறி: சரியாக நிரப்பிய சரக்கே திரும்பத் திரும்பத் தோற்கிறது

புள்ளியியலுக்குப் போகும் முன் தராசுக்குப் போங்கள். இந்த அறிகுறிக்குக் காரணம் பாதி நேரம் அங்கேதான்.

காலிக் கவரின் எடையை எப்படிக் கழிக்கிறீர்கள்? ஒரே ஒரு கவரை எடை போட்டு 6.0 கிராம் என்று வைத்துக்கொண்டு எல்லாப் பாக்கெட்டிலும் அதையே கழித்தால், அந்த ஒரு கவரின் பிழை பத்துப் பாக்கெட்டிலும் ஒரே பக்கமாக உட்கார்ந்துகொள்ளும். சராசரி எடுத்தாலும் அது கரையாது. பத்துக் காலிக் கவர்களைத் தனித்தனியாக எடை போட்டுச் சராசரி எடுங்கள். கவர் எடைகளே அதிகமாகச் சிதறினால் (கண்ணாடி பாட்டில், தகர டப்பா இரண்டும் இப்படித்தான்) ஒவ்வொரு பாக்கெட்டையும் காலி செய்து, துடைத்து, அதன் காலி எடையை அதிலிருந்தே கழிக்க வேண்டும். புது ரோல் பிலிம் மாறியதா என்று கேளுங்கள். தடிமன் மாறினால் கவர் எடையும் மாறும்.

தராசு 0.1 கிராம் காட்டுவதாக இருக்கட்டும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் சரிபார்த்த 500 கிராம் எடைக்கல்லை வைத்து, காட்டும் எண்ணை எழுதி வையுங்கள். தொடக்கத்தில் 500.0, முடிவில் 499.2 என்றால் நடுவே எடை போட்ட எதையும் நம்ப முடியாது. மின்விசிறிக்கு அடியில் தராசு வைக்காதீர்கள், நீர்மட்டக் குமிழ் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தராசில் கோளாறு இல்லையென்றால் எத்தனை முறை சோதிக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். சராசரி சரியாக 500-இல் நிற்கும் 20 லாட்டை 5% அளவில் சோதித்தால், குறைந்தது ஒன்றாவது தோற்பதற்கான வாய்ப்பு 64%. (0.95-ஐ இருபது முறை பெருக்கினால் 0.36, 1-லிருந்து கழித்தால் 0.64.) அதில் தோற்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஆபரேட்டரைத் திட்டுவது நியாயமில்லை. இருபது லாட்டுக்கும் சேர்த்து 5% வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் 0.25% வையுங்கள். அல்லது தோற்ற லாட்டிலிருந்து புதிதாக மாதிரி எடுத்து, அந்தப் புது மாதிரியை மட்டும் வைத்து முடிவு சொல்லுங்கள்.

நடுவில் எட்டிப் பார்ப்பதும் இதே நோய்தான். பத்து எடை போட்டுக் கணக்குப் போடுவது, 'இன்னும் வரவில்லை' என்று ஐந்து சேர்ப்பது, மறுபடி கணக்கு. இரு பக்கச் சோதனையில் சம இடைவெளியில் ஐந்து முறை எட்டிப் பார்த்து, எப்போது எல்லை தாண்டுகிறதோ அப்போது நிறுத்தினால், 5% என்று நினைத்தது 14% ஆகிவிடும்.

அறிகுறி: எடை குறைவு என்று தெரிகிறது, சோதனையோ 'சான்று போதவில்லை' என்கிறது

மாதிரி சிறியது. பெரும்பாலும் வேறு காரணம் இல்லை.

ஒரு மசாலாத் தூள் லைனில் திட்ட விலக்கம் 4 கிராம், உண்மையான பற்றாக்குறை பாக்கெட்டுக்கு 2 கிராம் என்று வைப்போம். பத்துப் பாக்கெட், ஆல்ஃபா 5%. இந்தச் சோதனை அந்தப் பற்றாக்குறையைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு. நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மோசம். அந்த முடிவை வைத்துக்கொண்டு 'சோதித்தோம், சரியாக இருக்கிறது' என்று அறிக்கை எழுதினால் அது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

எத்தனை பாக்கெட் வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். இயல்நிலை அட்டவணையில் ஆல்ஃபா 5 சதவீதத்துக்கு 1.645, கண்டுபிடிக்கும் திறன் 90 சதவீதத்துக்கு 1.282. இரண்டையும் கூட்டி, திட்ட விலக்கத்தால் பெருக்கி, பிடிக்க நினைக்கும் பற்றாக்குறையால் வகுத்து, வர்க்கம் எடுங்கள். 2.927 × 4 ÷ 2 = 5.854, வர்க்கம் 34.3. மேல்நோக்கி முழுமையாக்கினால் 35; டி பரவலுக்காக ஒன்றிரண்டு சேர்த்தால் 36, 37. ஆல்ஃபாவை 0.5% ஆக்கினால் 1.645-க்குப் பதில் 2.576 வரும், கணக்கு 60-க்குப் போகும். இன்னும் நுணுக்கமாக, 1 கிராம் பற்றாக்குறையைப் பிடிக்க வேண்டும் என்றால், 5 சதவீதத்திலேயே 138 பாக்கெட். பற்றாக்குறை பாதியானால் மாதிரி நான்கு மடங்கு.

இந்தக் கணக்கில் ஒரு எண் உங்களிடம்தான் இருக்கிறது: எவ்வளவு பற்றாக்குறையை விட்டுவிடக் கூடாது என்பது. அதைப் புள்ளியியல் சொல்லாது. விலையும் பொருளும் தெரிந்தவர்கள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். ஏலக்காயில் 1 கிராம் வேறு, உப்பில் 1 கிராம் வேறு.

பாக்கெட்டைப் பிரித்தால் சரக்கு வீண் என்ற கவலை இருந்தால், கவர் எடைகள் ஒன்றுபோல இருக்கும் லைனில் பிரிக்காமலே மொத்த எடை போட்டுச் சராசரிக் கவர் எடையைக் கழிக்கலாம். அப்போது 60 பாக்கெட் என்பது ஒருவர் அரை மணியில் முடிக்கும் வேலை.

அறிகுறி: காலையில் எடுத்த மாதிரி தேறுகிறது, கடையில் எடுத்தது தோற்கிறது

மாதிரி எடுத்த முறையைக் கேளுங்கள். 'ஒவ்வொரு இருபதாவது பாக்கெட்' என்று பதில் வந்தால் உடனே நிரப்பும் மெஷினில் எத்தனை தலை (பாக்கெட்டில் சரக்கைக் கொட்டும் வாய்) என்று கேளுங்கள்.

நான்கு தலை மெஷின் என்று வைப்போம். தலைகளின் சராசரி 502, 501, 501, 494. நான்காவது தலையில் எங்கோ அடைப்பு. லைனின் உண்மையான சராசரி 499.5, அதாவது குறைவு. பாக்கெட்டுகள் 1, 2, 3, 4, 1, 2, 3, 4 என்று வரிசையாக வருகின்றன. இருபது நான்கால் வகுபடும். முதல் பாக்கெட்டில் தொடங்கி இருபதுக்கு ஒன்று எடுத்தால் நாள் முழுக்க முதல் தலையின் பாக்கெட்தான் கைக்கு வரும். சராசரி 502, அருமையான லாட் என்று தோன்றும். நான்காவதில் தொடங்கியிருந்தால் சராசரி 494. ஆலையே மோசடி என்று தோன்றும். இரண்டும் பொய்.

சிதறலும் இதில் பொய் சொல்லும். ஒரு தலைக்குள் திட்ட விலக்கம் 1.5 கிராம்தான் என்றால் உங்கள் மாதிரி அந்த 1.5-ஐக் காட்டும். நான்கு தலையும் கலந்த உண்மையான விலக்கம் 3.5. சராசரியும் தப்பு, அதன் மேல் வைத்த நம்பிக்கையும் தப்பு.

சரி செய்வது எளிது. இருபதுக்குப் பதில் இருபத்தொன்று, அல்லது பத்தொன்பது. அப்போது தலைகள் மாறி மாறி வரும். அதைவிட நல்லது, சமவாய்ப்பு எண்களை முன்பே எடுத்து வைத்து அந்த வரிசை எண் பாக்கெட்டுகளை எடுப்பது. தலை எண்ணையும் சேர்த்து எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது. எடைகளைப் புள்ளிகளாக ஒரு கோட்டின் மேல் குறித்துப் பாருங்கள்; 501 பக்கம் ஒரு கூட்டம், 494 பக்கம் தனியாக ஒரு கூட்டம் தெரிந்தால் டி சோதனை தேவையே இல்லை. நான்காவது தலையைக் கழற்றுங்கள்.

தொடர்ச்சியாக வரும் முப்பது பாக்கெட்டை அள்ளி எடுப்பதும் இதே ரகம். மெஷினுக்கு மேலே சரக்கு கொட்டி வைக்கும் ஹாப்பரில் மட்டம் இறங்க இறங்க எடையும் மெல்ல நகரும். பக்கத்துப் பக்கத்துப் பாக்கெட்டுகள் ஒன்றுபோலவே இருக்கும். அந்த முப்பது, சுயேச்சையான முப்பதுக்குச் சமம் அல்ல. அந்த ஒரு நிமிடத்தைத்தான் நீங்கள் முப்பது முறை அளந்திருக்கிறீர்கள். ஷிப்ட் முழுக்கப் பரவலாக எடுங்கள். கடையில் எடுக்கும் மாதிரி தானாகவே பல நேரத்துப் பாக்கெட்டுகள் கலந்தது, அதனால்தான் அங்கே உண்மை வெளியே வருகிறது.

அறிகுறி: சராசரி 500-க்கு மேல், ஆனாலும் வாடிக்கையாளர் புகார் நிற்கவில்லை

வாங்குபவர் சராசரியை வாங்குவதில்லை. ஒரு பாக்கெட்டை வாங்குகிறார். அதனால் எடைச் சட்டம் இரண்டு கேள்வி கேட்கிறது: சராசரி சரியா, தனிப் பாக்கெட் எதுவும் அளவுக்கு மீறிக் குறைந்திருக்கிறதா? இந்தியாவில் 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின் முதல் அட்டவணை, தனிப் பாக்கெட்டுக்கு அனுமதிக்கும் அதிகபட்சப் பிழையைத் தருகிறது. 100 முதல் 200 கிராம் வரை 4.5%, 200 முதல் 300 வரை 9 கிராம், 300 முதல் 500 வரை 3%, 500 முதல் 1000 வரை 15 கிராம், அதற்கு மேல் 10 கிலோ வரை 1.5%. நம் 500 கிராம் பாக்கெட்டுக்கு 15 கிராம். 485-க்குக் கீழே போனால் அது குறைபாடுள்ள பாக்கெட். ஒவ்வொரு பாக்கெட்டும் 15 கிராம் குறையலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. அப்படிப் படிப்பவர்கள் நிறையப் பேர். சராசரிக்கு இந்தச் சலுகை கிடையாது.

திட்ட விலக்கம் 10 கிராம் உள்ள பழைய லைன். சராசரி 502. 485-க்குக் கீழே போகும் பாக்கெட் 4.5%, நூற்றுக்கு நாலைந்து வீட்டுக்கு மோசமான பாக்கெட் போகிறது. சராசரிச் சோதனையை எத்தனை முறை செய்தாலும் இது தெரியாது, ஏனென்றால் அந்தச் சோதனை அதைக் கேட்கவே இல்லை.

ஆர் 87 பரிந்துரையின் 2004 பதிப்பு இரண்டையும் சேர்த்துத் தைத்திருந்த விதம் பார்க்கத் தக்கது. லாட்டில் 501 முதல் 3200 பாக்கெட் என்றால் மாதிரி 80. சராசரியோடு திட்ட விலக்கத்தின் 0.295 மடங்கைக் கூட்டினால் லேபிள் அளவை எட்ட வேண்டும். அந்த 0.295 எங்கிருந்து வந்தது? 0.5 சதவீதத்துக்கான டி எல்லை 2.64-ஐ 80-இன் வர்க்கமூலமான 8.94-ஆல் வகுத்தது, அதாவது நாம் மேலே போட்ட அதே டி சோதனைதான். லாட் 100 முதல் 500 என்றால் மாதிரி 50, மடங்கு 0.379, 3200-க்கு மேல் என்றால் மாதிரி 125, மடங்கு 0.234. அனுமதிக்கப்பட்ட பிழையைத் தாண்டிக் குறைந்த பாக்கெட்டுகள் 50-இல் 3, 80-இல் 5, 125-இல் 7 வரை இருக்கலாம். அந்தப் பிழையின் இரு மடங்கையும் தாண்டி, நம் பாக்கெட்டில் 470-க்கும் கீழே, ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இப்போது சராசரி 498, விலக்கம் 10 உள்ள லாட்டை வையுங்கள். 498 + 2.95 = 500.95, சராசரிச் சோதனை தேறிவிட்டது! சிதறல் பெரிதாக இருப்பதே அந்த லாட்டுக்குச் சலுகை வாங்கித் தருகிறது. ஆனால் 485-க்குக் கீழே 9.7% போகும், 80-இல் ஏழெட்டு. இரண்டாவது சோதனையில் மாட்டிக்கொள்ளும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்து நிறுத்தினால் ஏன் புகார் வருகிறது என்பது இதில் தெரியும்.

லைனைச் சரி செய்ய எது வழி? சராசரி 500-இல் நின்று, குறைபாடுள்ள பாக்கெட் 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமென்றால் விலக்கம் 7.6 கிராமுக்குள் வர வேண்டும் (15 ÷ 1.96). விலக்கம் 10-லேயே நிற்கும் என்றால் சராசரியை 504.6-க்கு ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் 4.6 கிராம் இலவசம். நிரப்பும் மெஷினில் சரக்கைத் தள்ளும் ஆகர் திருகையும் அதிர்வுத் தட்டையும் சரி செய்யும் செலவு அதைவிட மலிவாகத்தான் இருக்கும்.

அறிகுறி: ஆயிரக்கணக்கில் எடை போட்டால் எப்போதும் 'குறைவு'

செக்வெயரிலிருந்து 2000 பாக்கெட்டின் எடையை இறக்குகிறீர்கள். சராசரி 499.7, விலக்கம் 4. திட்டப் பிழை 0.089, டி மதிப்பு 3.35. மேலே பார்த்த எந்த ஆல்ஃபாவிலும் நிராகரிப்பு. 0.3 கிராம் என்பது 0.06%.

அவசரப்படாதீர்கள். மாதிரியைப் பெருக்கினால் தற்செயல் பிழை சுருங்கும். கருவியின் சாய்வு சுருங்காது. ஓடும் பெல்ட்டில் எடை போடும் செக்வெயர் 0.3 கிராம் சாய்ந்திருப்பது சாதாரணம். அதே பாக்கெட்டுகளில் முப்பதை எடுத்து, நிலையான தராசில் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். சாய்வு 0.3 இருந்தால் பிரச்சினை செக்வெயரில். சாய்வு இல்லையென்றால் 0.3 கிராம் நிஜம். சராசரி லேபிளுக்குக் குறையக் கூடாது என்பதால் இலக்கை 0.3-க்கு மேல் ஏற்றத்தான் வேண்டும். 'புள்ளியியல்படி வித்தியாசம் உண்டு, நடைமுறையில் இல்லை' என்று சொல்லித் தப்பிக்கும் இடம் அல்ல இது. லட்சம் பாக்கெட்டில் 0.3 கிராம் என்றால் 30 கிலோ.

அறிகுறி: குளிரில் நிரப்பிய எண்ணெய் பாக்கெட் தேறுகிறது, வெயிலில் நிரப்பியது தோற்கிறது

எடையையும் கன அளவையும் கலந்துவிட்டீர்கள். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரி செல்சியசில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். வித்தியாசம் 26.5 கிராம், ஒரு லிட்டருக்கு அனுமதித்த 15 மில்லியைவிடப் பெரியது. சூடாக நிரப்பி ஒரு லிட்டர் என்று அச்சிட்டால் ஆறிய பிறகு அளவு குறையும். கருதுகோள் சோதனை இதைத் துல்லியமாகக் 'குறைவு' என்றுதான் காட்டும், ஏன் என்று சொல்லாது. எண்ணெய்யை எடையாக அளந்து, அந்த வெப்பநிலைக்குரிய அடர்த்தியால் வகுங்கள். அடர்த்தியை எந்த வெப்பநிலையில் எடுத்தீர்கள் என்பதைத் தாளில் எழுதுங்கள். லேபிளில் எடையும் இருந்தால் எடையையே சோதிப்பது உத்தமம்.

சோப்பு வேறு மாதிரி. அலமாரியில் இருக்க இருக்க ஈரம் போய் எடை குறையும். 'பேக் செய்தபோது' என்று லேபிளில் இருந்தால், மூன்று மாதம் கழித்துக் கடையில் எடுத்த மாதிரியை வைத்து அந்த வாசகத்தைப் பொய் என்று சொல்ல முடியாது.

அறிகுறி: ஆய்வக அறிக்கையில் புரதம் லேபிளைவிடக் குறைவு

ஒரே ஒரு பாக்கெட், ஒரே ஒரு எண் என்றால் சோதனையே இல்லை. சிதறல் தெரியாமல் எதையும் நிராகரிக்க முடியாது. பத்துப் பாக்கெட்டைக் கலந்து அரைத்து ஒரு எண் வாங்குவது சராசரிக்கு நல்லது, ஆனால் சிதறல் அதோடு போய்விடும். குறைந்தது ஐந்தாறு பாக்கெட்டைத் தனித்தனியாக அனுப்புங்கள்.

எண்ணுக்கு முன் காரணியைக் கேளுங்கள். வழக்கமான முறைகள் நேரடியாகப் புரதத்தை அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து ஒரு காரணியால் பெருக்குகின்றன. பொதுவாக 6.25, பாலுக்கு 6.38, அரிசிக்கு 5.95, கோதுமை மாவுக்கு 5.70. பால் புரதத் தூளில் நிறுவனம் 6.38-ஐக் கொண்டு 80% என்று அச்சிட்டு, ஆய்வகம் 6.25-ஐக் கொண்டு பெருக்கினால் அதே தூள் 78.4% என்று வரும். எத்தனை பாக்கெட் சோதித்தாலும் இந்த 1.6 மாறாது, பி-மதிப்பு சிறிதாகிக்கொண்டே போகும். மறு பக்கமும் உண்டு: நைட்ரஜன் எங்கிருந்து வந்தாலும் இந்த முறை புரதம் என்றே எண்ணும். 2008-இல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்தவர்கள் பயன்படுத்தியது இந்த ஓட்டையைத்தான்.

உப்பு, சர்க்கரை, கொழுப்பு போல 'இதற்கு மேல் இல்லை' என்ற வாசகமாக இருந்தால் மாற்றுக் கருதுகோளின் பக்கத்தைத் திருப்பிப் போட மறக்காதீர்கள். புரதத்துக்கு எழுதிய எக்செல் தாளை அப்படியே சோடியத்துக்குப் பயன்படுத்தினால் மோசமான லாட் அழகாகத் தேறும்.

அறிகுறி: அறிக்கையைப் படித்தவர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்

பி-மதிப்பு 0.006 என்றால் 'நிறுவனம் ஏமாற்றுவதற்கு 99.4% வாய்ப்பு' என்று அர்த்தம் இல்லை. லாட்டின் சராசரி சரியாக 500 என்றே இருந்திருந்தால், இவ்வளவோ இதைவிட அதிகமோ குறைந்த மாதிரி கிடைக்க ஆயிரத்தில் ஆறு வாய்ப்பு என்றுதான் அர்த்தம். பி-மதிப்பை மட்டும் எழுதுவதால்தான் இந்தக் குழப்பம். லாட்டின் உண்மையான சராசரி எவ்வளவு வரை இருக்கக்கூடும் என்ற மேல்வரம்பையும் எழுதுங்கள். 'தேறியது' என்ற சொல்லைத் தனியாக விடாதீர்கள், எவ்வளவு பற்றாக்குறையைப் பிடிக்கும் சக்தி அந்தச் சோதனைக்கு இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மேலே பார்த்த ரவை லாட்டுக்கு அறிக்கை இப்படி இருக்கலாம்:

'மாதிரி 10 பாக்கெட், சமவாய்ப்பில் எடுத்தது. காலிக் கவர் எடை 10 கவர்களின் சராசரி. சராசரி நிகர எடை 498.0 கிராம், திட்ட விலக்கம் 2.04. முன்பே நிர்ணயித்தது: ஒரு பக்கச் சோதனை, ஆல்ஃபா 0.5%. டி மதிப்பு 3.09, எல்லை 3.250. நிராகரிக்கச் சான்று போதவில்லை. லாட்டின் சராசரிக்கு 99.5% மேல்வரம்பு 500.1 கிராம். 485-க்குக் கீழே பாக்கெட் எதுவும் இல்லை. 2 கிராம் பற்றாக்குறையை 90% உறுதியோடு பிடிக்க இந்த மாதிரி போதாது. அதே லாட்டிலிருந்து புதிதாக 20 பாக்கெட் எடுத்து, இந்தப் பத்தைச் சேர்க்காமல், மறுசோதனை செய்ய வேண்டும்.'